ஃபைண்ட்மைபாஸ்டின் படைப் பதிவுகள்: இலங்கையில் இருந்த சிப்பாயைத் தேட எவ்வளவு உதவும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் கடமையில் இருந்த பிரித்தானியக் காலாட்படைச் சிப்பாய் ஒருவரைக் கொழும்பில் இருந்தபடியே தேட, ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற குடும்ப வரலாற்றுச் சந்தா இணையத்தளம் உருப்படியான வழி. ஒரு மாதச் சந்தா தாராளமாகப் போதும். வருடச் சந்தா வீண். அந்த ஒரு மாதத்தையும் முன்வேலை செய்யாமல் தொடங்கினால் காசைக் கரியாக்குவதுதான். பெயர் அகப்படவில்லை என்பதற்காக அப்படி ஒரு சிப்பாய் இருக்கவே இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தத் தொகுப்பின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கொழும்பில் இந்தத் தேடலுக்கு ஆட்கள் குறைவில்லை. ஏதோ ஓர் ஐரிஷ் சிப்பாயில் இருந்து பரம்பரையைத் தொடங்கும் பறங்கிக் குடும்பங்கள், சிலோன் ரைபிள்ஸ் என்ற இலங்கைப் படையில் இருந்த பாட்டன்மாரைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லும் கொம்பனித்தெரு மலாய்க்காரர், பழைய பொத்தானும் பதக்கமும் சேர்ப்பவர்கள், கல்லறைக் கல்லில் ஒரு ரெஜிமெண்டின் இலக்கத்தை வாசித்துவிட்டு அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவர்கள். எல்லோருக்கும் யாராவது ஒருவர் சொல்லும் யோசனை இந்தத் தளம்தான். யோசனை சரி. எந்த வரிசையில் செய்வது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

தளத்தில் ஆயிரம் சங்கதிகள் இருந்தாலும் நமக்கு வேண்டியது முக்கியமாக ஒரே தொகுதி. லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் டபிள்யூ.ஓ. 97 (டபிள்யூ.ஓ. என்பது வோர் ஒஃபிஸ், போர் அலுவலகம்) என்ற குறியீட்டில் வைத்திருக்கும் படைவிலகல் பத்திரங்கள், 1760 முதல் 1913 வரையானவை. செல்சி ரோயல் ஹொஸ்பிட்டலில் இருந்து பென்சன் பெறுவதற்காக ஒவ்வொரு சிப்பாய்க்கும் ரெஜிமெண்ட் எழுதி அனுப்பிய கடதாசிகள் இவை. மூலத்தாள்களை வர்ணத்தில் படம் பிடித்துப் பெயர்வாரியாகத் தேடும்படி செய்திருக்கிறார்கள். மங்கிய மையும் மடிப்பில் மறைந்த எழுத்தும் பழைய மைக்ரோபிலிமில் பார்ப்பதைவிட இதில் எவ்வளவோ தெளிவு.

ஒரு பத்திரத்தில் என்ன கிடைக்கும்? 1830க்கு முன்னையது என்றால் பெரும்பாலும் ஒரே தாள்தான், இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். பிறந்த ஊர், மாவட்டம், சேர்ந்த திகதி, சேரும்போது வயது, அதற்கு முன் செய்த தொழில். தொழில் என்ற இடத்தில் கூலி, நெசவாளி, சப்பாத்து தைப்பவர் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரும். கீழே ஆளின் அடையாளம்: உயரம் அடி அங்குலத்தில், தலைமயிர், கண், முகத்தின் நிறம். புகைப்படம் இல்லாத காலத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயின் முகத்துக்கு இதைவிட நெருங்க வழியில்லை. கையெழுத்திடும் இடத்தில் பலருக்கு வெறும் சிலுவைக்குறி. அருகில் வேறொருவர் கையால் பெயர். நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்தால் தாள்கள் கூடும். சேர்ப்புப் பத்திரம், எந்த நாட்டில் எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதிவரை என்று காட்டும் படை வரலாற்றுத் தாள், காய்ச்சல் எப்போது, எந்த வைத்தியசாலையில் என்று சொல்லும் மருத்துவத் தாள், நெருங்கிய உறவினர் பெயர், கலியாணம் நடந்த இடம், பிள்ளைகள். இலங்கைத் தேடலுக்குப் பொன் போன்றது இந்தப் படை வரலாற்றுத் தாள்தான். முந்திய காலத் தாள்களில் "கிழக்கிந்தியா, இத்தனை வருடம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி முடித்திருப்பார்கள்.

சேவைக் கணக்கு எழுதியிருக்கும் பகுதியைப் பலர் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். சிப்பாயின் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. பிரைவேட் என்ற அடிமட்டச் சிப்பாயாக இத்தனை வருடம் இத்தனை நாள், கோப்ரல் இத்தனை நாள், பிறகு திரும்பவும் பிரைவேட். அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் அநேகமாக ஒரு படை நீதிமன்றமும் கொஞ்சம் சாராயமும் இருக்கும். பதினெட்டு வயதுக்கு முன் செய்த சேவை பென்சனுக்கு ஏறாது. அதைத் தனி வரியில் கழித்திருப்பார்கள். மொத்தம் 23 வருடம் 40 நாள், வயது குறைந்த காலம் 1 வருடம் 200 நாள் என்றால், கணக்கில் நிற்பது 21 வருடம் 205 நாள். காலாட்படைக்கு 21 வருடம் என்பதுதான் எல்லைக்கோடு என்பதால் இந்தக் கழித்தல் ஒரு மனிதனின் முதுமையையே தீர்மானித்தது. வாட்டர்லூப் போரில் நின்றவர்களுக்கு மட்டும் இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்தார்கள். நமக்கு இது சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 73ஆவது ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் இலங்கையில் இருந்தபோது இரண்டாவது பட்டாலியன் வாட்டர்லூவில் நின்றது. இரண்டாவது 1817இல் கலைக்கப்பட்டு, அதில் இருந்த ஒரு பகுதியினர் இங்கே அனுப்பப்பட்டார்கள். 73இல் ஒருவரைத் தேடும்போது அந்த இரண்டு வருடக் கூட்டல் கண்ணில் பட்டால், இலங்கைக்கு எந்த வழியால் வந்தார் என்பதும் தெரிந்துவிடும்.

வைத்தியர் எழுதும் பந்தியையும் விடாதீர்கள். "தேய்ந்துபோனவர்", "ஈரல் வீக்கம்", "வெப்பநாட்டுச் சேவையால் உடல் கெட்டது" என்பவை வழக்கமான வாசகங்கள். தனக்கு இல்லாத நோயைச் சிப்பாய் நடிக்கிறானா என்று கண்டுபிடிக்கும் கலையைப் படை வைத்தியர்களுக்கு எழுதிக் கொடுத்த ஹென்றி மார்ஷல், 1808இல் இருந்து பல வருடம் இலங்கையிலேயே கடமை பார்த்தவர். இந்தப் பந்திகளில் நோய் எதனால் வந்தது, ஆளின் சொந்தக் கெட்ட பழக்கத்தாலா, கடமையாலா என்று துருவித் துருவி எழுதியிருக்கிறார்கள். கடமையால் என்று எழுதினால் பென்சன் கூடும், இல்லாவிட்டால் குறையும்.

இனி ஓட்டைக்கு வருவோம். இந்தப் பத்திரங்கள் பென்சனுக்காக எழுதப்பட்டவை என்பதால் பென்சன் வாங்கும்வரை உயிரோடு இருந்தவர்களே இதில் இருப்பார்கள். 1883க்கு முன், சேவையிலேயே செத்தவர், ஓடிப்போனவர், காசு கட்டி விலகியவர், தவணை முடிந்து பென்சன் இல்லாமல் போனவர், இவர்களுக்கு டபிள்யூ.ஓ. 97இல் பொதுவாகத் தாள் கிடையாது. 1883க்குப் பிறகுதான் தவணை முடித்தவர்களும் காசு கட்டி விலகியவர்களும் சேர்கிறார்கள். இங்கிலாந்தில் இருந்த ரெஜிமெண்டுக்கு இது சிறு குறை. இலங்கைக்கு இது பாதிக் கதை. 1803 ஜூனில் கண்டியில் கொல்லப்பட்ட 19ஆவது ரெஜிமெண்ட் சிப்பாய்களை இந்தத் தளத்தில் தேடினால் ஒருவரும் வரமாட்டார். 1818 கிளர்ச்சிக் காலத்தில் காட்டுக் காய்ச்சலில் போனவர்களுக்கும் அதே கதி. அவர்கள் வேறு தொகுதியில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வேறு தொகுதி டபிள்யூ.ஓ. 12, மஸ்டர் பட்டியல்கள். ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒன்றாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் எழுதப்பட்டவை. நாளொன்றுக்கு 1 ஷில்லிங் என்ற சம்பளத்தில் எத்தனை நாளுக்குக் கொடுத்தார்கள், ஆள் வைத்தியசாலையிலா, வேறு ஊரில் காவலிலா என்றெல்லாம் ஓரத்தில் இருக்கும். ஒவ்வொரு காலாண்டின் கடைசியிலும் கணக்கில் இருந்து நீங்கியவர்களின் பட்டியல் ஒன்று வரும்: செத்தவர், ஓடியவர், விலகியவர், பிறந்த ஊரோடும் தொழிலோடும். பென்சன் வரை வராத சிப்பாய்க்கு அதுதான் ஒரே பத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். டபிள்யூ.ஓ. 25இல் உள்ள இறப்புத் திரட்டுகள் இருந்தால் இன்னும் நல்லது. மிச்சம் இருந்த சொத்து யாருக்குப் போனது என்பதுகூடச் சில வேளை இருக்கும். இவற்றில் பெரும்பகுதி எந்தச் சந்தாத் தளத்திலும் இல்லை. சந்தாவை நீட்டினால் எப்போதாவது வந்துவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

சரி, வரிசை. முதலில் கியூ காப்பகத்தின் டிஸ்கவரி என்ற இலவச விவரப்பட்டியலுக்குப் போங்கள். விரிவான தேடலில் குறியீட்டு இடத்தில் டபிள்யூ.ஓ. 97 என்று ஆங்கில எழுத்தில் இட்டு, சொல் இடத்தில் பெயரையோ ரெஜிமெண்டையோ போடுங்கள். 1854 வரையானவை ஆள்வாரியாகவே விவரிக்கப்பட்டிருக்கின்றன: பெயர், பிறந்த ஊர், இருந்த ரெஜிமெண்டுகள், விலகியபோது வயது. ஒரு சதமும் செலவில்லை. பெயரே தெரியாவிட்டாலும் "சிலோன் ரெஜிமெண்ட்" என்று மட்டும் போட்டால், 19ஆவதில் இருந்து சிலோன் ரெஜிமெண்டுக்கு மாறியவர்கள் எல்லாம் வரிசையில் வருவார்கள். கொழும்பிலேயே பிறந்து பையனாகப் படையில் சேர்ந்த சிப்பாய்ப் பிள்ளைகளைத் தேட, பிறந்த ஊராகக் கொழும்பைப் போடலாம். ஆனால் அந்தக் காலத்துக் கிளார்க் தன் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் எழுதினார். கொழும்புக்கு நடுவில் 'ஓ'வுக்குப் பதில் 'யூ' எழுத்து, கண்டிக்கு முதலெழுத்து 'சி', திருகோணமலைக்குக் கணக்கில்லாத வடிவங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஃபைண்ட்மைபாஸ்டில் காசு கட்டாமல் கணக்குத் திறந்து தேடுங்கள். விடைப் பட்டியல் இலவசமாகத் தெரியும். படத்தைத் திறக்கத்தான் சந்தா வேண்டும். ஆக, உங்கள் ஆள் இருக்கிறாரா, எத்தனை பேர் அதே பெயரில் என்று காசு கொடுக்குமுன்பே கணிசமாகத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ரெஜிமெண்டின் பெயரைப் பெட்டியில் தட்டுகிறார்கள். அது வேறு வடிவில் ஏற்றப்பட்டிருப்பதால் விடை வருவதில்லை. அதை வெறுமையாக விட்டு, பெயரும் பிறந்த மாவட்டமும் மட்டும் கொடுங்கள். பிறந்த ஆண்டுக்கு இருபக்கமும் ஐந்து வருடம் விடுங்கள், ஏனென்றால் அந்த ஆண்டு, சேரும்போது ஆள் சொன்ன வயதில் இருந்து கணக்கிட்டது. உயரமான பதினாறு வயதுப் பையன் பதினெட்டு என்றான், முப்பதைத் தாண்டியவர் இருபத்தைந்து என்றார். ஐரிஷ், ஸ்கொட்டிஷ் பெயர்களின் முன்னொட்டை எடுத்துவிட்டும் தேடுங்கள். தெரியாத எழுத்துக்கு நட்சத்திரக் குறி போடலாம்.

படைச் சிப்பாயின் இலக்கத்தை வைத்து மட்டும் தேடுவது ஆபத்து. ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென்று இலக்கம் போட்டது; ரெஜிமெண்ட் மாறினால் இலக்கமும் மாறும். 1830ஐ ஒட்டித்தான் அந்த இலக்கமே வந்தது. 1881க்குப் பிறகு ரெஜிமெண்டுகளே இலக்கத்தை இழந்து பெயருக்கு மாறிவிட்டன. 50உம் 97உம் சேர்ந்து குயீன்ஸ் ஓன் றோயல் வெஸ்ட் கென்ட், 72உம் 78உம் சேர்ந்து சீஃபோர்த் ஹைலேண்டர்ஸ், நம்முடைய 73 ஸ்கொட்லாந்தின் பிளாக் வொட்ச் ரெஜிமெண்டின் இரண்டாவது பட்டாலியன். 1879இல் சேர்ந்து 1891இல் விலகிய ஒருவரைப் பழைய இலக்கத்தில் தேடினால் ஆள் மறைந்துபோவார்.

மூன்றாவதாகத்தான் சந்தா. படைப் பதிவுகள் எந்த மட்டத்துச் சந்தாவில் அடங்குகின்றன என்று பார்த்தே வாங்குங்கள். ஆகக் குறைந்த விலையில் இருப்பதை அவசரத்தில் எடுத்துவிட வேண்டாம். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உங்கள் கார்ட் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வங்கியில் கேட்டுவிடுங்கள். காசு போனதும் செய்யவேண்டிய முதல் வேலை, கணக்கு அமைப்புக்குள் போய்த் தானாகப் புதுப்பிக்கும் தெரிவை நிறுத்துவது. நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை தளம் திறந்தே இருக்கும். பிறகு, ஒரு படம் திறந்தால் அதோடு நிற்காமல் முன்னுக்கும் பின்னுக்கும் தட்டிப் பாருங்கள். ஒருவரின் தாள்களில் எல்லாப் பக்கத்திலும் பெயர் ஏற்றப்பட்டிருக்காது. தாளின் பின்பக்கம் அடுத்த படமாக இருக்கும். படை நீதிமன்றக் குறிப்பும் வைத்தியர் எழுத்தும் அங்கேதான் அடிக்கடி ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தரவிறக்கிக் குறியீட்டோடு பெயரிட்டு வையுங்கள், சந்தா முடிந்தால் திரும்பப் பார்க்க முடியாது. கைத்தொலைபேசியில் இந்த வேலை சரிவராது, மடிக்கணினியாவது வேண்டும்.

அதே மாதத்தில் அதே தளத்தில் பார்க்கவேண்டிய இன்னொன்று, 1841, 1851, 1861, 1871 ஆண்டுகளுக்கான உலகப் படைப் பெயர்ச் சுட்டிகள். மஸ்டர் பட்டியல்களில் இருந்து எடுத்தவை என்பதால் பென்சன் பெறாதவர்களும் இருப்பார்கள். 1841இல் இலங்கையில் இருந்த 90, 95, 1861இல் இருந்த 50 ஆகிய ரெஜிமெண்டுகளின் ஆட்களுக்கு இது மேலே சொன்ன ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது. ரெஜிமெண்ட் இலங்கையில் இருந்தது என்பதற்காக ஆளும் இங்கே இருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1825இல் இருந்து ஒரு ரெஜிமெண்டின் பத்துக் கம்பனிகளில் ஆறுதான் கடல் கடந்தது. நான்கு, டிப்போ என்ற பயிற்சிப் பிரிவாகப் பிரித்தானியாவிலேயே நின்றது. 97ஆவது 1825 முதல் 1836 வரை இலங்கையில் இருந்தது என்பது உண்மை. அந்தப் பதினொரு வருடமும் உங்கள் ஆள் இங்கிலாந்து டிப்போவில் பயிற்சி எடுத்திருக்கலாம். ஒரு ரெஜிமெண்ட் கப்பலேறும்போது தங்க விரும்பியவர்கள் வேறு ரெஜிமெண்டுக்கு மாறிக்கொள்வதும் வழக்கம். இடையில் காணாமல் போன ஆளை அடுத்து வந்த ரெஜிமெண்டில் தேடுங்கள்.

பெயரும் ரெஜிமெண்டும் காலாண்டும் கையில் வந்தபிறகு கியூ காப்பகத்தின் பிரதியெடுக்கும் சேவைக்கு எழுதலாம். குறியீட்டைச் சரியாகக் கொடுத்தால் ஒரு கட்டணத்துக்குப் பக்கங்களைப் பார்த்து விலை சொல்வார்கள். சம்மதித்தால் பிரதி மின்னஞ்சலில் வரும். "என் பாட்டனைப் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் வேலை நடக்காது. எந்தப் படைப்பிரிவு, எந்த வருடத் தொகுதி, எந்தக் காலாண்டு என்று கேட்க வேண்டும். தேடவேண்டிய காலம் நீளம் என்றால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் தனி ஆய்வாளர் ஒருவரைப் பிடிப்பது மொத்தத்தில் மலிவு.

மலாய்க் குடும்பங்களுக்கும் தென்னிந்தியச் சிப்பாய்க் குடும்பங்களுக்கும் வேறு பேச்சு. சிலோன் ரெஜிமெண்டுகளில் உள்ளூரிலும் தென்னிந்தியாவிலும் சேர்க்கப்பட்டவர்களை டபிள்யூ.ஓ. 97இல் தேடுவதற்காகச் சந்தா கட்டாதீர்கள். 1827இல் சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட் என்று ஒன்றாகி 1873இல் கலைக்கப்பட்ட அந்தப் படைக்கு டபிள்யூ.ஓ. 12இல் மஸ்டர் பட்டியல் உண்டு; டபிள்யூ.ஓ. 23இல் குடியேற்ற நாட்டுப் பென்சன்காரர் பதிவேடுகளும் உண்டு. ஒரே பெயரை ஒவ்வொரு காலாண்டும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். கம்பனியையும் சேர்ந்த ஆண்டையும் வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டியிருக்கும்.

உள்ளூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானியைப் பார்க்கலாம். ஆனால் பதவி உயர்வு, இடமாற்றம் என்று அதில் வருவது பெரும்பாலும் அதிகாரிகளின் பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு அங்கே போய் மினக்கெடுவதைவிடத் தேவாலயப் பதிவேடுகள் மேல். கோட்டையில் 1821இல் புனிதப்படுத்தப்பட்ட சென் பீட்டர்ஸ் படையினரின் தேவாலயமாக இருந்தது. கலியாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று தேடுபவர் முதலில் அந்தப் பதிவேடுகளைப் பற்றி எழுதிக் கேட்க வேண்டும். கலியாணத்தைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கடல் கடக்கும்போது நூறு பேர் கொண்ட கம்பனிக்கு ஆறு மனைவியரைத்தான் பொதுவாகக் கூட்டிப்போக விட்டார்கள். இங்கே அனுமதி இல்லாமல் நடந்த கலியாணம் ரெஜிமெண்டின் ஏட்டில் ஏறியிருக்காது, தேவாலயத்தில் இருக்கும். கல்லறைகளுக்கு 1913இல் பென்றி லூயிஸ் தொகுத்த கல்வெட்டுப் பட்டியல் போதும். காலிமுகத்து மயானம் பிற்பாடு கனத்தைக்கு மாற்றப்பட்டதால், கல்லைத் தேடி அலைவதற்கு முன் அந்தப் புத்தகத்தைப் பாருங்கள். அதிலும் பிரைவேட் ஒருவரின் பெயர் வருவது அபூர்வம். கல் வைக்கக் காசு இருந்தவர்களுக்குத்தான் கல்.

பதக்கம் வைத்திருப்பவர்கள் முதலில் விளிம்பில் பொறித்திருப்பதைப் பூதக்கண்ணாடியால் வாசித்து, இலக்கம், பெயர், ரெஜிமெண்ட் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்டிப் போர்களுக்காகச் சிப்பாய் எல்லோருக்கும் கொடுத்த பொதுப் பதக்கம் என்று எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது விற்க வந்தால் சந்தா கட்டுவதற்கு முன் அந்த வியாபாரத்தை நிறுத்துங்கள்.